புது லேப்டாப்புக்கு இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி, பழைய லேப்டாப்ல ரேம் ஜோடியா இருக்கான்னு பாருங்க



"சார், லேப்டாப் ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சு. நோ காஸ்ட் இஎம்ஐ ஆஃபர் போகுது. புதுசு எடுத்துடவா?"

நம்ம சேனலுக்கு வர்ற கேள்விகள்ல இது அடிக்கடி வரும். கேக்குறவங்க பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து மூணு, நாலு வருஷம் ஆனவங்க. காலேஜ் கடைசி வருஷத்துலயோ, முதல் சம்பளத்துலயோ வாங்கின லேப்டாப். சம்பளம் ஏறியிருக்கு, கிரெடிட் கார்டு கையில இருக்கு, மாசம் 5,000 ரூபாய் பெருசா தெரியல. அப்புறம் என்ன, ஒரு கிளிக்ல முடிஞ்சுடும்.

என் பதில் எப்பவும் ஒண்ணுதான்: லேப்டாப்போட பின்பக்கம் எத்தனை ரேம் ஸ்டிக் இருக்குன்னு பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

நான் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட். ஹார்ட்வேர் இன்ஜினியர் கிடையாது. ஆனா ஒரு மெஷினை வச்சுக்கலாமா, மாத்தலாமான்னு முடிவெடுக்கிறது எங்க தொழில்ல தினமும் வர்ற விஷயம். ஒரு ஃபேக்டரியில ஒரு பெல்ட் தேஞ்சு போச்சுன்னா மொத்த மெஷினையும் ஸ்கிராப்புக்குப் போட மாட்டாங்க. எந்த பாகம் இழுக்குது, அதை மட்டும் மாத்த என்ன செலவு, அந்தச் செலவு எத்தனை மாசத்துல திரும்பும்னு கணக்கு பார்ப்பாங்க. 60,000 ரூபாய் லேப்டாப்புக்கும் அதே மூணு கேள்விதான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக்கோட வந்த லேப்டாப்பை, பக்கத்து ஸ்லாட்டுல இன்னொரு ஸ்டிக் போட்டுப் பார்க்காமலே மாத்துறது, பெரும்பாலானவங்களுக்குத் தேவையில்லாத செலவு. ஏன்னு கணக்கோட சொல்றேன். எந்த இடத்துல இந்தக் கருத்து செல்லாதுன்னும் சொல்றேன்.

முதல்ல, எங்க அடைக்குதுன்னு பாருங்க

விண்டோஸ் லேப்டாப்னா கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதுல "பெர்ஃபாமன்ஸ்" பகுதிக்குப் போங்க. நீங்க வழக்கமா பண்ற எல்லா வேலையையும் திறந்து வச்சுக்கிட்டுப் பாருங்க. குரோம்ல இருபது டேப், ஒரு எக்செல், டீம்ஸ் கால், வாட்ஸ்அப் வெப், எல்லாம் ஓடட்டும்.

மெமரி 85, 90 சதவீதத்துக்கு மேல நிக்குதா? அப்போ ரேம்தான் அடைப்பு. ரேம் நிரம்பினதும் விண்டோஸ் கொஞ்சம் டேட்டாவைத் தூக்கி டிஸ்க்ல வைக்கும், தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். டிஸ்க், ரேமை விடப் பல மடங்கு மெதுவானது. டேப் மாத்தும்போது ரெண்டு, மூணு செகண்ட் திணறுதே, அதுக்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் போக்குவரத்துதான்.

மெமரி பாதிதான் நிரம்பியிருக்கு, ஆனா டிஸ்க் மட்டும் 100 சதவீதத்துல நிக்குது, அதுவும் பழைய சுத்துற ஹார்டு டிஸ்க்கா? அப்போ முதல் செலவு எஸ்எஸ்டி. ரேம் அதுக்கு அப்புறம்தான்.

ரெண்டும் சரியா இருக்கு, சிபியு மட்டும் எப்பவும் 100-ஐத் தொட்டுக்கிட்டே இருக்குன்னா, தேவையில்லாம ஓடுற புரோகிராம் எதாவது இருக்கான்னு பாருங்க. ஃபேன்ல தூசி அடைச்சு, சூட்டுல ப்ராசசர் வேகத்தைக் குறைச்சுக்கிட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கு. அதுக்கு ரேம் மருந்து கிடையாது.

அதே மெமரி பக்கத்துல கீழ "ஸ்லாட்ஸ் யூஸ்டு"ன்னு ஒரு வரி இருக்கும். "1 ஆஃப் 2"ன்னு இருந்தா, உங்க லேப்டாப்ல ஒரு இடம் காலியா இருக்கு. கடைக்காரர் உங்களுக்கு வித்தது பாதி நிரம்பின மெஷின். மீதி பாதி உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு.

குடோன் பெருசா, கவுண்டர் எத்தனை?

ரேம்னா எல்லாரும் கேக்குறது "எத்தனை ஜிபி?" மட்டும்தான். அது குடோனோட அளவு. ஆனா ஒரு ரேஷன் கடையை யோசிச்சுப் பாருங்க. பின்னாடி குடோன்ல எவ்வளவு அரிசி மூட்டை இருந்தாலும், முன்னாடி ஒரே ஒரு கவுண்டர்னா கியூ மெதுவாத்தான் நகரும். ரெண்டு கவுண்டர் திறந்தா, அதே அரிசி, அதே ஜனம், வேகம் வேற.

ரேம்ல அந்தக் கவுண்டருக்குப் பேர் சேனல். ஒரு டிடிஆர்4 சேனலோட அகலம் 64 பிட். நீங்க சாதாரணமா பாக்குற டிடிஆர்4-3200 ரேம் ஒரு சேனல்ல செகண்டுக்கு அதிகபட்சம் 25.6 ஜிகாபைட் டேட்டாவை நகர்த்தும். அதே மாதிரி இன்னொரு ஸ்டிக்கை அடுத்த சேனல்ல போட்டா, ரெண்டும் சேர்ந்து 128 பிட் அகலம், அதிகபட்சம் 51.2 ஜிகாபைட். இதைத்தான் டூயல் சேனல்னு சொல்றாங்க. ரேமோட வேகம் மாறல, பாதைதான் ரெண்டாச்சு.

டிடிஆர்5 வாங்கினவங்களுக்கு ஒரு சின்ன குழப்பம் வரும். அதுல ஒரே ஸ்டிக்குக்குள்ள ரெண்டு துணைச் சேனல் இருக்கும். "அப்போ ஒண்ணே போதுமே"ன்னு நினைக்காதீங்க. அது ரெண்டு 32 பிட். கூட்டினா அதே 64 தான். ஜோடி போட்டாதான் 128 ஆகும்.

ஆக, ரெண்டாவது ஸ்டிக் போடும்போது உங்களுக்கு ரெண்டு லாபம். குடோன் 8-லிருந்து 16 ஜிபி ஆகுது. கவுண்டரும் ஒண்ணுலிருந்து ரெண்டாகுது. இந்த ரெண்டையும் தனித்தனியா புரிஞ்சுக்கணும், ஏன்னா எல்லாருக்கும் ரெண்டு லாபமும் ஒரே அளவுல கிடைக்காது.

யாருக்கு எவ்வளவு பலன்?

இங்கதான் யூடியூப்ல கொஞ்சம் அதிகமா அளந்து விடுறாங்க. "டூயல் சேனல் போட்டேன், லேப்டாப் டபுள் ஸ்பீடு"ன்னு தம்ப்நெயில் வைப்பாங்க. பேண்ட்வித் டபுள் ஆகும்னுதான் நான் மேல சொன்னேன். லேப்டாப் டபுள் வேகம் ஆகும்னு சொல்லல.

நீங்க எக்செல், மெயில், பிரவுசர், ஜூம்னு ஓட்டுறவங்களா? உங்களுக்கு வித்தியாசம் தெரியறது முக்கியமா 8 ஜிபி 16 ஜிபி ஆனதாலதான். கவுண்டர் ரெண்டானது கூடுதல் வசதி, அவ்வளவுதான். எங்க ஆபீஸ்ல ஜூலை மாசம் ஃபைலிங் சீசன்ல ஒவ்வொரு மெஷின்லயும் டேலி, நாலஞ்சு எக்செல், பிடிஎஃப், இன்கம் டாக்ஸ் போர்ட்டல்னு ஒண்ணா ஓடும். 8 ஜிபி மெஷின் மதியத்துக்குள்ள மூச்சு வாங்கும், 16 ஜிபி மெஷின் சாயங்காலம் வரைக்கும் தாங்கும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்ல வீடியோ எடிட்டிங், ஃபோட்டோ வேலை, கேம்னு பண்றவங்களுக்குக் கதை வேற. ப்ராசசருக்குள்ளயே இருக்கிற கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது. அது உங்க ரேம்லதான் குடியிருக்கு. ஒரே கவுண்டர்ல ப்ராசசரும் நிக்கும், கிராஃபிக்ஸும் நிக்கும். ரெண்டாவது கவுண்டர் திறந்ததும் இந்தப் பக்கம் வர்ற மாற்றம் கண்ணுக்கே தெரியும்.

இதுக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கு. இன்டெல்லோட 11-ஆம் தலைமுறை லேப்டாப் ப்ராசசர்கள் பலதுல "ஐரிஸ் எக்ஸ்இ"ங்கிற கிராஃபிக்ஸ் வருது. ஆனா மெமரி டூயல் சேனல்ல இல்லைன்னா, அதே சிப் விண்டோஸ்ல "யுஹெச்டி கிராஃபிக்ஸ்"னு சாதாரணப் பேர்லதான் காட்டும். காசு கொடுத்து வாங்கின அதே ப்ராசசர், ஒத்த ஸ்டிக்னால பேரையே இழந்து நிக்குது. உங்க லேப்டாப் பெட்டியில ஐரிஸ் எக்ஸ்இ ஸ்டிக்கர் இருந்து, டிவைஸ் மேனேஜர்ல யுஹெச்டின்னு வந்தா, காரணம் பெரும்பாலும் இதுதான்.

அஞ்சு மாசக் கணக்கு

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். கணக்குக்காக சில தொகைகளை எடுத்துக்கிறேன். உங்க விலையைப் போட்டு நீங்களே மாத்திக்கோங்க.

புது லேப்டாப் 60,000 ரூபாய். நாலு வருஷம் ஓட்டுவீங்கன்னு வைங்க. 48 மாசம். அப்போ புது லேப்டாப் உங்களுக்கு மாசம் 1,250 ரூபாய் செலவு. அதாவது, வாங்குறதை நீங்க எத்தனை மாசம் தள்ளிப் போடுறீங்களோ, ஒவ்வொரு மாசத்துக்கும் 1,250 ரூபாய் மிச்சம்.

இதுல ஒரு கழிவு இருக்கு, அதையும் விடக்கூடாது. பழைய லேப்டாப்புக்கு இன்னைக்கு எக்ஸ்சேஞ்ச்ல 12,000 கிடைக்கும், ஒரு வருஷம் கழிச்சு 9,000-தான் கிடைக்கும்னா, 3,000 நஷ்டம். மாசத்துக்கு 250. கழிச்சா நிகர மிச்சம் மாசம் 1,000 ரூபாய்.

ரேம் ஸ்டிக் விலை, மாட்டுற கூலி எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்னு வைங்க. 5,000-ஐ 1,000-ஆல வகுத்தா 5. அவ்வளவுதான் கணக்கு. அந்த ஸ்டிக் உங்க பழைய லேப்டாப்பை வெறும் அஞ்சு மாசம் கூடுதலா ஓட வச்சா போதும், போட்ட காசு வந்தாச்சு. ஆறாவது மாசத்துலிருந்து லாபம். ரெண்டு வருஷம் ஓடினா 24,000 ரூபாய் மிச்சம், 5,000 செலவு, கையில 19,000.

"இந்த 60,000-ஐ இன்னைக்கே இண்டெக்ஸ் ஃபண்டுல போட்டா முப்பது வருஷம் கழிச்சு எவ்வளவு தெரியுமா"ன்னு நான் கேக்கப் போறதில்லை. லேப்டாப் தேவைன்னா வாங்கித்தான் ஆகணும். நான் கேக்குறது இவ்வளவுதான்: அந்த வாங்குற தேதியைத் தள்ளிப் போட 5,000 ரூபாய் போதும்னா, ஏன் 60,000-ஐ இந்த மாசமே எடுக்கணும்?

முக்கியமா, எமர்ஜென்சி ஃபண்ட் இன்னும் மூணு மாசச் செலவுக்குக்கூட சேராதவங்க இந்தக் கணக்கை ரெண்டு தடவை போட்டுப் பாருங்க. வேலையில ஒரு சிக்கல் வந்தா, லேப்டாப் இஎம்ஐ மட்டும் நிக்காது.

நோ காஸ்ட் இஎம்ஐ-யோட காஸ்ட்

"வட்டிதான் கிடையாதே சார்"னு ஒரு பதில் வரும். வட்டி உண்டு. பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையில தெளிவா சொல்லிடுச்சு. இப்போ நடக்கிறது என்னன்னா, வட்டி எவ்வளவோ அவ்வளவு தொகையை விக்கிறவர் முன்னாடியே டிஸ்கவுண்டா கழிச்சுடறார். வங்கி அந்த வட்டியை உங்ககிட்ட வசூல் பண்ணுது.

60,000 ரூபாய், 12 மாசம், மாசம் 5,000. வங்கி வட்டி வருஷத்துக்கு 15 சதவீதம்னு வைங்க. இதுல வட்டி மட்டும் சுமார் 4,600 ரூபாய். அது டிஸ்கவுண்டா உங்களுக்குத் திரும்புது, சரி. ஆனா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அது சுமார் 830 ரூபாய். ப்ராசசிங் ஃபீஸ் 199-ன்னா, அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக, "நோ காஸ்ட்"டோட காஸ்ட் ஆயிரம் ரூபாய்க்கு மேல.

இதைவிடப் பெரிய விஷயம், முழுப் பணம் கொடுத்து வாங்குறவருக்கு வேற ஒரு கார்டு டிஸ்கவுண்ட் கிடைச்சிருக்கும். இஎம்ஐ எடுத்தா அது போயிடும். கூடவே உங்க கிரெடிட் கார்டு லிமிட்ல ஒரு பெரிய பகுதி ஒரு வருஷத்துக்கு லாக் ஆகும். ஆயிரம் ரூபாய்க்காக நான் இவ்வளவு பேசல. பேர்ல "நோ காஸ்ட்"னு இருக்கிறதால யோசிக்காம எடுக்கிறோமே, அந்தப் பழக்கத்துக்காகப் பேசறேன்.

"ரேம் விலைதான் ஏறிடுச்சே?"

நியாயமான கேள்வி. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை பயங்கரமா ஏறிச்சு. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி தேவை அதிகமானதால, மெமரி தயாரிக்கிற கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்பினாங்க. நம்மள மாதிரி ஆளுங்க வாங்குற க்ரூஷியல் பிராண்டு வியாபாரத்தையே நிறுத்தப் போறதா மைக்ரான் 2025 டிசம்பர்ல அறிவிச்சுது. முன்னாடி நண்பர் வாங்கின விலையை மனசுல வச்சுக்கிட்டு கடைக்குப் போனா அதிர்ச்சிதான்.

ஆனா கணக்கைப் பாருங்க. ஸ்டிக் விலை 5,000-லிருந்து 10,000 ஆனாலும், அஞ்சு மாசம் பத்து மாசம் ஆகும். அவ்வளவுதான் மாற்றம். ஒரு வருஷத்துக்குள்ள காசு திரும்புற முதலீட்டை நான் இன்னும் நல்லதுன்னுதான் சொல்வேன். அதோட, புது லேப்டாப்புக்குள்ளயும் அதே ரேம்தானே இருக்கு? ரேம் விலை ஏறினா லேப்டாப் விலையும் சேர்ந்துதான் ஏறும்.

அதுக்காக "நாளைக்கு இன்னும் ஏறும்"னு பயந்து தேவையில்லாம இன்னைக்கே 32 ஜிபி வாங்கி வைக்கிற வேலையும் வேண்டாம். டாஸ்க் மேனேஜர் என்ன காட்டுதோ அதுக்கு மட்டும் செலவு பண்ணுங்க.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது

ஜோடின்னா அச்சு அசல் இரட்டைப் பிள்ளையா இருக்கணும்னு அவசியமில்லை. ஆனா சில பொருத்தம் பார்க்கணும்.

1. தலைமுறை ஒண்ணா இருக்கணும். டிடிஆர்4 ஸ்லாட்டுல டிடிஆர்5 உட்காராது. வெட்டு இருக்கிற இடமே வேற. லேப்டாப்புக்கு "எஸ்ஓ-டிம்"ங்கிற சின்ன ஸ்டிக், டெஸ்க்டாப்புக்கு நீளமான ஸ்டிக்.

2. அளவு ஒண்ணா இருந்தா நல்லது. 8-க்கு 8. ஒரு 8, ஒரு 16 போட்டாலும் பெரும்பாலான லேப்டாப்ல ஓடும். 8-ம் 8-ம் ஜோடியா ஓடும், மிச்சம் இருக்கிற 8 தனியா ஓடும்.

3. வேகம் ஒண்ணா இருக்கட்டும். ஒண்ணு 3200, ஒண்ணு 2666-ன்னா ரெண்டும் 2666-லதான் ஓடும். வேகமானதுக்குக் கொடுத்த அதிகக் காசு வீண்.

4. பிராண்டு வேற வேற இருந்தாலும் பொதுவா வேலை செய்யும். ஆனா சில சமயம் ஒத்துப் போகாது. அதனால கடைக்கு லேப்டாப்பையே எடுத்துட்டுப் போய், மாட்டி, ஆன் பண்ணிப் பாத்துட்டு காசு கொடுங்க. சென்னையில ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்கள்ல இது சாதாரணமா நடக்கிற விஷயம்தான். ஆன்லைன்ல வாங்கினா ரிட்டர்ன் பாலிசியைப் படிங்க.

5. ஜிஎஸ்டி பில் இல்லாம வாங்காதீங்க. ரேம் ஸ்டிக்குகளுக்குப் பல வருஷ வாரண்டி உண்டு. சில பிராண்டுக்கு லிமிடெட் லைஃப்டைம் வாரண்டியே உண்டு. "பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்"னு கடையில சொன்னா, அவர் குறைக்கிறது உங்க வாரண்டியையும் சேர்த்துத்தான்.

6. லேப்டாப் இன்னும் வாரண்டியில இருந்தா, பின்பக்கம் திறந்தா வாரண்டி போகுமான்னு கம்பெனி சர்வீஸ்ல மெயில்லயோ சாட்லயோ கேட்டு, பதிலை சேவ் பண்ணி வைங்க. வாய்வார்த்தை வேண்டாம்.

மாட்டினதும் முதல் தடவை ஆன் பண்ணும்போது திரை கொஞ்ச நேரம் கருப்பாவே இருக்கலாம், முக்கியமா டிடிஆர்5-ல. புது ஸ்டிக்கை மெஷின் பழகிக்குது. பதறாதீங்க. அப்புறம் சிபியு-இசட்ங்கிற இலவச மென்பொருள்ல மெமரி பக்கத்தைப் பாருங்க, சேனல் விவரம் வரும். விண்டோஸ்லயே இருக்கிற மெமரி டயக்னாஸ்டிக்கை ஒரு தடவை ஓட்டிடுங்க. குறை இருந்தா ரிட்டர்ன் தேதிக்குள்ள தெரிஞ்சுடும்.

டெஸ்க்டாப் வச்சிருக்கவங்களுக்கு ஒரு போனஸ். நாலு ஸ்லாட் இருக்கிற மதர்போர்டுல ரெண்டு ஸ்டிக்கை பக்கத்துல பக்கத்துல போட்டுட்டா, பல போர்டுல ரெண்டும் ஒரே சேனல்ல போய் உட்காரும். ஜோடி வாங்கியும் ஒத்த கவுண்டர்தான். பொதுவா ப்ராசசர்லிருந்து எண்ணினா ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்டுலதான் போடணும். மதர்போர்டு மேனுவல்ல பாத்துட்டு இடத்தை மாத்துங்க. இதுக்குச் செலவு பூஜ்யம். நிஜமான நோ காஸ்ட் இதுதான்.

எப்போ ரேம் போடக்கூடாது?

சில லேப்டாப்ல ரேம் போர்டுலயே சால்டர் பண்ணி இருக்கும். மெலிசான மாடல்கள் பலதும் இப்படித்தான். ஆப்பிள் எம் சீரிஸ் மேக்புக்ல எதுலயும் பின்னாடி ரேம் சேர்க்க முடியாது. டாஸ்க் மேனேஜர்ல ஃபார்ம் ஃபேக்டர்னு இருக்கிற இடத்துல "ரோ ஆஃப் சிப்ஸ்"னு காட்டினா, அது சால்டர் பண்ணின ரேம்னு அர்த்தம். சந்தேகம்னா உங்க மாடலோட சர்வீஸ் மேனுவலைத் தேடிப் பாருங்க. சில மாடல்ல 8 ஜிபி சால்டர் பண்ணி, கூட ஒரு காலி ஸ்லாட்டும் இருக்கும். அந்த ஸ்லாட்டுல 8 ஜிபி போட்டா பெரும்பாலும் ஜோடி சேர்ந்துடும்.

ரெண்டாவது, ப்ராசசர் ரொம்பப் பழசு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமா ஏத்துக்கிறது இன்டெல்ல பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான். அதுக்கு முந்தைய லேப்டாப்புக்கு இன்னைக்கு ரேம் வாங்கிப் போட்டா, நெட் பேங்கிங் பண்ற மெஷினுக்கு செக்யூரிட்டி அப்டேட் எங்கிருந்து வரும்? அங்க கணக்கு மாறிடும்.

மூணாவது, ரேம் மட்டுமில்ல, பேட்டரி உப்பியிருக்கு, ஹிஞ்ச் உடைஞ்சிருக்கு, கீபோர்டு பாதி வேலை செய்யல. எல்லாச் செலவையும் கூட்டுங்க. 20,000 வருதுன்னா, மேல சொன்ன கணக்குல அது இருபது மாசம் ஓடணும். அஞ்சு வருஷ லேப்டாப் இன்னும் இருபது மாசம் ஓடும்னு உங்களால தைரியமா சொல்ல முடியலைன்னா, புதுசு வாங்குங்க. அப்போ அது ஆசைக்கு வாங்குறது இல்லை, கணக்கு பார்த்து வாங்குறது.

நாலாவது, அது ஆபீஸ் லேப்டாப். ஸ்க்ரூடிரைவரைத் தொடாதீங்க. ஐடி டீமுக்கு டாஸ்க் மேனேஜர் ஸ்கிரீன்ஷாட்டோட ஒரு டிக்கெட் போடுங்க. "ஸ்லோவா இருக்கு"ன்னு எழுதினா ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வாங்க. "மெமரி 94 சதவீதம், ஒரு ஸ்லாட் காலி"ன்னு எழுதினா வேலை நடக்கும்.

புதுசு வாங்குறதா முடிவு பண்ணிட்டா

விளம்பரத்துல "16 ஜிபி ரேம்"னு மட்டும்தான் போடுவாங்க. "ஒத்த ஸ்டிக்கா, ஜோடியா? காலி ஸ்லாட் இருக்கா?"ன்னு கேளுங்க. கார் விக்கிறவர் எத்தனை சிலிண்டர்னு சொல்றார், லேப்டாப் விக்கிறவர் எத்தனை சேனல்னு சொல்றதில்லை. நாம கேட்டாதான் ஒரு நாள் பெட்டி மேல அதையும் அச்சடிப்பாங்க.

தனி கிராஃபிக்ஸ் இல்லாத மாடல்னா ரெண்டு 8 ஜிபி, ஜோடியா எடுங்க. ஆபீஸ் வேலைக்கு மட்டும்னா ஒரு 16 ஜிபி ஸ்டிக், ஒரு காலி ஸ்லாட் இருக்கிறதும் நல்ல முடிவுதான். பின்னாடி தேவைப்பட்டா 32 ஆக்கிக்கலாம், எதையும் கழட்டித் தூக்கிப் போட வேண்டியதில்லை. சால்டர் பண்ணின மாடல்னா, நாலு வருஷத்துக்குத் தேவையானதை அன்னைக்கே வாங்கணும். அங்க 8 ஜிபி எடுத்து மிச்சம் பிடிக்கிறது மிச்சமே இல்லை.

வரி பத்தி ஒரு வார்த்தை. வெறும் சம்பளம் மட்டும் வாங்குறவங்க லேப்டாப்பையோ ரேமையோ வரியில கழிக்க முடியாது. உங்களுக்கு இருக்கிறது ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் மட்டும்தான். "வரி மிச்சமாகும், வாங்குங்க"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஃப்ரீலான்ஸ் வருமானம் இருந்து, புக்ஸ் எழுதி ரிட்டர்ன் போடுறவங்களுக்கு கம்ப்யூட்டர் மேல 40 சதவீத தேய்மானம் உண்டு. பிரிசம்ப்டிவ் முறையில போடுறவங்களுக்கு அது ஏற்கெனவே உள்ள அடக்கம், தனியா கேக்க முடியாது.

இந்த வாரம் பண்ண வேண்டியது

கார்ட்ல ஒரு லேப்டாப் காத்துக்கிட்டு இருந்தா, அது அங்கயே இருக்கட்டும். இன்னைக்கு ராத்திரி டாஸ்க் மேனேஜரைத் திறந்து மூணு விஷயத்தை எழுதி வைங்க: மெமரி எத்தனை சதவீதம், எத்தனை ஸ்லாட் காலி, ரேம் வேகம் என்ன. அப்புறம் ஸ்டிக் விலையை உங்க மாச மிச்சத்தால வகுங்க. ஒரு வருஷத்துக்குள்ள விடை வந்தா ஸ்டிக் வாங்குங்க. ரெண்டு வருஷத்தைத் தாண்டினா லேப்டாப் வாங்குங்க. நடுவுல வந்தா, உங்க எமர்ஜென்சி ஃபண்டைப் பாத்து முடிவு பண்ணுங்க.

மாசக் கணக்கு போடுற எக்செல் ஷீட்டை வீடியோவுக்குக் கீழ டிஸ்கிரிப்ஷன்ல வச்சிருக்கேன். உங்க விலையைப் போட்டுப் பாருங்க. எத்தனை மாசம் வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. இருபதுக்கு மேல வந்தவங்க விவரத்தோட எழுதுங்க. எதை வாங்கலாம்னு அடுத்த வீடியோவுல பேசுவோம்.